நீர்க்கடுப்பு எல்லாம் சூடு இல்லை: வெட்டை நோய் என்கிற கொனோரியாவைப் புரிந்துகொள்ள

செட்டிநாட்டுப் பக்கம் சிறுநீர் போகும்போது எரிந்தால் முதலில் வாயில் வரும் சொல் 'சூடு'. சித்திரை, வைகாசி வெயிலில் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அலைந்து திரிகிறவர்களுக்கு அது நியாயமான சந்தேகம்தான். இளநீர் குடிப்பார்கள், நுங்கு தின்பார்கள், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடிப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைப்பார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்து சிறுநீர் மஞ்சளாக, அடர்த்தியாகப் போவதால் வந்த கடுப்பு என்றால், நிறையத் தண்ணீர் குடித்த ஒரு நாளில் தானே அடங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அடங்காத கடுப்பையும் நாம் அதே சொல்லால் கூப்பிடுகிறோம். 'வெட்டை' என்ற நாட்டு வழக்குச் சொல்லுக்குள் உடம்புச் சூடு, வெள்ளைப்படுதல், விந்து தானாக வெளியேறுவதாக நினைத்துப் பயப்படும் 'தாது நஷ்டம்', பால்வினை நோய் ஒன்று என நான்கு வேறு வேறு சங்கதிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. நான்கில் கடைசியாகச் சொன்னது கிருமியால் வரும் பால்வினை நோய். அதன் பெயர் கொனோரியா. இந்தக் கட்டுரை அந்த ஒன்றைப் பற்றியது.

பெயரிலேயே ஒரு தவறு

'கொனோரியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'விந்து ஒழுகல்' என்று பொருள். இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், நோயாளியிடம் வடிவது விந்து என்று நினைத்து வைத்த பெயர் அது. நம் ஊரில் 'தாது போகிறது' என்று சொல்வதும் அதே தவறுதான். தூரத்து ஊர்க்காரர்களும் நம்மவர்களும் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்.

வடிவது விந்து இல்லை, சீழ். கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களும், கிருமிகளும், சளியும் கலந்த கலவைக்குத்தான் சீழ் என்று பெயர். முள் குத்திப் பழுத்த விரலில் வருவதும் இதே பொருள்தான். விந்து என்று நம்புகிறவர் தாது புஷ்டி லேகியம் தேடிப் போவார். சீழ் என்று தெரிந்தவர் மருத்துவமனைக்குப் போவார். பெயர் தப்பானால் வழியே தப்பாகிவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1879இல் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தச் சீழில் கிருமியைக் கண்டார். அவர் பெயராலேயே அதை 'நைசீரியா கொனோரியே' என்கிறார்கள். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு காப்பிக்கொட்டைகளைத் தட்டைப் பக்கம் எதிரெதிராக வைத்தது போல ஜோடி ஜோடியாகத் தெரியும். அதுவும் எங்கே? தன்னைத் தின்ன வந்த வெள்ளை அணுவின் வயிற்றுக்குள்ளேயே கும்பலாக உட்கார்ந்திருக்கும்.

எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

கண்மாய்க் கரையில் நடந்து வந்தால் வேட்டி ஓரம் முழுக்க ஒட்டுப்புல் அப்பியிருக்கும். அதே ஒட்டுப்புல்லை ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் போட்டால் ஒட்டாது, சறுக்கிப் போய்விடும். துணியின் இழையில் மாட்டிக்கொள்ளும் கொக்கி அதற்கு உண்டு. வழவழப்பான கல்லில் அந்தக் கொக்கிக்கு வேலை இல்லை.

கொனோரியா கிருமியும் அப்படித்தான். அதன் மேலே மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றைப் பற்றிழைகள் என்று சொல்லிக்கொள்வோம். நம் வெளித்தோல் பல அடுக்காகக் காய்ந்து இறுகியது, ஆத்தங்குடிக் கல் மாதிரி. அங்கே பற்றிழைக்குப் பிடி கிடைக்காது. உடம்பின் உள்வழிகளில் ஈரமாக, மெல்லியதாக இருக்கும் போர்வைக்குச் சளிச்சவ்வு என்று பெயர். அது வேட்டித் துணி மாதிரி. சிறுநீர்க் குழாய், பெண்களுக்குக் கருப்பையின் வாய், ஆசனவாயின் உட்புறம், தொண்டை, கண்ணின் வெள்ளைப் படலம் ஆகிய ஐந்து இடங்களிலும் கிருமி பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு சிறுநீர் அடித்துக்கொண்டு போனாலும் கழன்றுவிடாது. "நிறையத் தண்ணி குடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும்" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாததன் காரணம் இதுதான்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு: வெளியே வந்து காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆய்வகத்தில் இதை வளர்ப்பதற்குச் சூடாக்கிய இரத்தம் கலந்த ஊட்டம், கரியமில வாயு கூடுதலான காற்று, உடம்புச் சூட்டை ஒத்த வெப்பம் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வளவு செல்லம் கொடுத்தால்தான் வளரும் கிருமி, பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் உயிரோடு காத்துக்கொண்டிருக்காது. ஊருணியில் குளித்தால் வராது. காரம் தின்றால் வராது. கை குலுக்கினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கொசு கடித்தாலோ வராது. சளிச்சவ்வு நேராகச் சளிச்சவ்வையோ அதில் ஊறும் நீரையோ தொடும்போதுதான் வரும். பிறப்புறுப்பு வழி உறவு, ஆசனவாய் வழி உறவு, வாய் வழி உறவு மூன்றிலும் பரவும். நோயுள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் போகும்.

அதனால் ஒரு கடுமையான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பச்சிளம் பருவம் தாண்டிய ஒரு சிறு பிள்ளைக்குப் பிறப்புறுப்பில் கொனோரியா உறுதியானால், 'அழுக்குத் துண்டில் ஒட்டியிருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அதன் பின்னால் பாலியல் வன்கொடுமை இருக்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்தது: கொனோரியா ஒரு கிருமித் தொற்று, சூட்டால் வருவது இல்லை. ஈரமான உட்சவ்வில் பற்றிக்கொள்ளும், காய்ந்தால் சாகும். அதனால் உடலுறவு வழியாகவும் பிரசவ வழியாகவும் மட்டுமே பரவுகிறது எனலாம்.

ஆணிடம் சத்தம் போடும், பெண்ணிடம் ஒளிந்திருக்கும்

ஆண்களுக்குப் பெரும்பாலும் உறவு கொண்ட இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தெரிந்துவிடும். சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். சிறுநீர் போகும்போது சுருக்கென்று எரியும். உறுப்பின் நுனியில் மஞ்சளாகவோ பச்சை கலந்த வெள்ளையாகவோ சீழ் வடியும். காலையில் எழுந்தவுடன், சிறுநீர் போவதற்கு முன்னால், துளி கெட்டியாக நிற்கும். உள்ளாடையில் மஞ்சள் கறை காய்ந்து மொடமொடப்பாக இருக்கும். சூட்டுக் கடுப்பில் இந்தச் சீழ் வராது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் இது ஒன்றுதான். சீழ் இல்லை என்பதற்காகக் கொனோரியா இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

பெண்களின் கதை வேறு. பாதிப் பேருக்கோ அதற்கு மேலுமோ ஒரு அறிகுறியும் இருக்காது. கிருமி கருப்பையின் வாயில், உள்ளே, கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே வலி உணர்வும் குறைவு. அறிகுறி இருந்தாலும், வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடும், லேசாகக் கடுக்கும், மாதவிலக்குக்கு இடையில் கறை படும், உறவின்போது அடிவயிறு வலிக்கும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: "வெயில்ல நின்னிருப்ப", "கருப்பட்டி சாப்பிட்டிருப்ப", "ரத்தம் இல்லை". அதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

அந்த மாதங்களில் கிருமி மேலே ஏறுகிறது. கருப்பை, அங்கிருந்து கருக்குழாய். கருக்குழாயின் உள்வழி மிகக் குறுகியது. அங்கே வீங்கிப் புண்ணாகி ஆறும்போது தழும்பு விழும். தழும்பு வழியை அடைக்கும். இந்த நிலைக்கு இடுப்பு அழற்சி நோய் என்று பெயர். முழுதாக அடைபட்டால் குழந்தை தங்காது. பாதி அடைபட்டால் கரு அங்கேயே சிக்கி வளர்ந்து, குழாய் வெடித்து, உயிருக்கே ஆபத்தாகும். கல்யாணமாகி மூன்று வருடம் ஆச்சே என்று ஒரு பெண்ணைக் கோயில் கோயிலாக அலையவைக்கிறார்கள். அவள் கருக்குழாயை அடைத்தது, அவளுக்கே தெரியாமல் கணவனிடமிருந்து வந்த தொற்றாகவும் இருக்கலாம். பழி மட்டும் முழுதாக அவள் தலையில் விழுகிறது. ஆணுக்கும் விதைப்பையில் வீக்கமும் கடும் வலியும் வரலாம். அதுவும் சில நேரம் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும். அபூர்வமாக, கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டுகளை வீங்கவைக்கும்.

தொண்டையிலும் ஆசனவாயிலும் தொற்றினால் ஆண், பெண் யாருக்கும் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது.

பிறந்த குழந்தைக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இரண்டு கண்ணும் வீங்கி, இமையைப் பிரித்தால் சீழ் கொட்டினால், தாய்ப்பால் விடுவோம், விளக்கெண்ணெய் விடுவோம் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. இந்தக் கிருமி கருவிழியைத் துளைத்துவிடும், பார்வை போய்விடும். நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை அது.

தானே நின்றுவிட்டதே?

சிகிச்சை எடுக்காமல் விட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சீழ் குறைந்து, எரிச்சலும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். நன்னாரி வேரோ, பூசணிச் சாறோ, யாரோ கொடுத்த சூரணமோ குணமாக்கியதாக ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். கிருமி போயிருக்காது. சண்டை அடங்கியிருக்கும், குடியிருப்பு தொடரும், மற்றவருக்குப் பரவுவதும் தொடரும். இளநீர், நன்னாரி மேல் ஒரு குறையும் இல்லை. வெயிலுக்கு அவை அருமையானவை. இந்தக் கிருமியைக் கொல்லும் வேலை அவற்றால் ஆகாது.

ஒரு தடவை வந்தால் அம்மை மாதிரி மறுபடி வராதா என்று கேட்பார்கள். வரும், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆயிரம் பேர் கூடிய கல்யாண வீட்டில், "நீலச் சட்டைக்காரனை உள்ளே விடாதே" என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லி வைத்தால், அவன் பச்சைச் சட்டை மாற்றிக்கொண்டு முகப்பு வழியாகவே உள்ளே வந்துவிடுவான். இந்தக் கிருமி தன் பற்றிழைகளின் வடிவத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நம் உடம்பின் காவல், போன தடவை பார்த்த சட்டையைத்தான் தேடும்.

ஆக, அறிகுறி இல்லாததை நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு தடவை வந்து போனது பாதுகாப்பும் ஆகாது.

பரிசோதனையில் எங்கே தப்பு நடக்கிறது

சாதாரணச் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு லேபில் என்ன சொல்வார்கள்? "முதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதைப் பிடிங்க." கொனோரியாவுக்கு நேர் எதிர். கிருமி சிறுநீர்க் குழாயின் சுவரில் ஒட்டியிருப்பதால், முதலில் வரும் சிறுநீர்தான் அதை வழித்துக்கொண்டு வரும். முதல் 20 முதல் 30 மில்லி வரை, அதாவது ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிக்கும் குறைவாக, பிடித்தால் போதும். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் போயிருக்கக் கூடாது. டப்பா நிறையப் பிடித்துக் கொடுத்தால் கிருமி நீர்த்துப்போய், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

இந்தச் சிறுநீரில் செய்வது கிருமியின் மரபணுவைத் தேடிப் பெருக்கிக் காட்டும் சோதனை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே குடும்பத்துச் சோதனைதான். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பின் உள்ளே பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி நம்பகமானது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவரே எடுத்துக்கொடுக்கலாம். தொண்டை வழி, ஆசனவாய் வழி உறவு இருந்தால் அந்த இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். சிறுநீரைச் சோதித்தால் தொண்டையில் இருப்பது தெரியாது. அதனால் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது துருவிப் பார்ப்பதற்காக இல்லை. எங்கே குச்சி வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

சீழ் வடியும் ஆணுக்குச் சாயம் ஏற்றிய ஒரு கண்ணாடித் தகடே பெரும்பாலும் போதும். காப்பிக்கொட்டை ஜோடிகள் தெரிந்துவிடும். பெண்களுக்கு அதே தகடு சோதனை ஏறத்தாழ பாதிப் பேரைத் தவறவிடும். அதை மட்டும் செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நம்பி இருந்துவிடக் கூடாது. கூடவே கிளமிடியா, சிஃபிலிஸ், எச்ஐவி என்ற மற்ற மூன்று பால்வினைத் தொற்றுகளுக்கும் பார்ப்பது வழக்கம். ஒரே வழியில் வருபவை என்பதால் சேர்ந்தே வருவதும் உண்டு. கொனோரியாவால் புண்ணான சவ்வில் எச்ஐவி எளிதாக நுழையும்.

மருந்துக் கடை மாத்திரை ஏன் ஆகாது

"அண்ணே, நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்றால், சீட்டு இல்லாமலே நான்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கைக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் அது இந்தக் கிருமியைக் கொன்றது. இப்போது பெரும்பாலும் கொல்லாது. 1930களில் வந்த சல்ஃபா மருந்து பத்து வருடத்துக்குள் தோற்றது. பிறகு வந்த பென்சிலினைச் சிதைக்கும் நொதியோடு கிருமி 1976இல் தலைகாட்டியது. டெட்ராசைக்ளினும் போயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் வகையை 2007இல் அமெரிக்கா கைவிட்டது. மருந்து அரைகுறையாகப் படும்போது சாதுவான கிருமிகள் சாகும், முரடுகள் பிழைத்துப் பெருகும். அடுத்தவருக்குப் பரவுவது அந்த முரடுகளின் வம்சம்தான்.

இன்று உலக அளவில் முதன்மையாக நம்பப்படுவது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. அமெரிக்க நெறிமுறையில் 500 மில்லிகிராம், ஒரே தடவை, தசையில் போடுவது. கிளமிடியா இல்லை என்று உறுதியாகாவிட்டால் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள் சேர்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளினுக்குப் பதில் அசித்ரோமைசின். இந்தியாவில் அரசு மையங்களில் சாம்பல் நிறப் பொட்டலமாகக் கொடுத்துவந்தது செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும். இரண்டும் ஒரே வேளை. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்; தொண்டையில் இருந்தால் கணக்கு மாறும். பென்சிலின் வகை ஊசிக்கு முன்பு தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து நாளுக்குள் எரிச்சலும் சீழும் நிற்காவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அப்போது கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். தொண்டைத் தொற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறுசோதனை வேண்டும். மற்றவர்களும் மூன்று மாதத்தில் ஒரு தடவை மறுபடி பார்ப்பது நல்லது. அந்தத் தடவை வரும் தொற்று பெரும்பாலும் மருந்து தோற்றதால் வருவதில்லை, புதிதாக ஒட்டியது.

ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால்

கணவன் தெரியாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்; மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் குணமாகிறது, மனைவியிடம் கிருமி சத்தமில்லாமல் இருக்கிறது, இரண்டு வாரத்தில் அவருக்கே திரும்பி வருகிறது. "மருந்து சரியில்லை" என்று அடுத்த டாக்டரைத் தேடுகிறார். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு கொண்ட எல்லோருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். இரண்டு பேரும் மருந்து எடுத்து முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு கூடாது.

சொல்வதுதான் கடினம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வெளியூர்ப் பிழைப்பு பழகிப்போன மண் இது. வருடத்தில் சில வாரமே சேர்ந்திருக்கும் தம்பதிகள் நிறையப் பேர். அந்தச் சில வாரத்தில் இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் மனைவியின் கருக்குழாய் அந்த மௌனத்துக்காகக் காத்திருக்காது. தனியாகச் சொல்ல முடியாவிட்டால் அரசு மையத்து ஆலோசகர் முன்னால் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று வழி காட்டுவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. யாருக்கு முதலில் வந்தது என்பதை அறிகுறியை வைத்துச் சொல்லவே முடியாது. பெண்ணிடம் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும் நோய் இது என்பதால், சோதனைச் சீட்டைச் சாட்சியாகக் காட்டிச் சண்டை போடுவதில் நியாயமும் இல்லை.

தடுப்பதற்கு ஆணுறை பெரிதும் உதவும், ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்தே போட்டால். அதன் மேல் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதையும் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். தண்ணீர் கலப்புள்ள வழுக்குப் பசை மருந்துக் கடையில் கிடைக்கும். காப்பர்-டி, கருத்தடை மாத்திரை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை எல்லாம் கருவைத் தடுக்கும். இந்தக் கிருமியைத் தடுக்காது.

எங்கே போவது

சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கென இருக்கும் பிரிவைச் 'சுகவாழ்வு மையம்' என்றும், எச்ஐவி ஆலோசனையும் சோதனையும் செய்யும் இடத்தை 'நம்பிக்கை மையம்' என்றும் சொல்கிறார்கள். அங்கே சிகிச்சைக்குக் காசு இல்லை. 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கத்து மையம் எது என்று கேட்டுக்கொள்ளலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த முகம் யாராவது வரிசையில் நிற்பார்களோ என்ற தயக்கம்தான் பலரை மருந்துக் கடைப் பக்கம் திருப்பிவிடுகிறது. நம் நாட்டில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே துறையின் கீழ் படிக்கப்படுபவை. அந்த டாக்டரே இரண்டையும் பார்ப்பார். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். மிச்சத்தை அறைக்குள் போய், கதவைச் சாத்திய பிறகு சொல்லிக்கொள்ளலாம். காலையில் போகிறவர் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பே சிறுநீரை முடித்துக்கொண்டு, பிறகு அங்கே மாதிரி கொடுக்கும்வரை அடக்கி வைத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் வேலை முடியும்.